இரண்டு நிமிஷம் பொறு

2023 மே மாதம், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி. மணி இரண்டே கால் இருக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, என் இடது காலை நானே மடியில் தூக்கி வைத்து, கணுக்காலுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டிருந்தேன். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரத் தம்பியின் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு என் மனைவி நின்றாள்.

"கூப்பிடட்டுமா?"

"ரெண்டு நிமிஷம் பொறு. இறங்குது."

அந்த இரண்டு நிமிஷம் காலை ஆறே கால் வரைக்கும் நீண்டது. அந்த நாலு மணி நேரத்தில் நான் செய்த காரியங்களை இதுவரை மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறேன். மூன்றிலும் நான் கொஞ்சம் புத்திசாலியாக வருவேன். இது நாலாவது.

நான் தையல்காரன். முத்துப்பேட்டையில் 26 வருஷமாகக் கடை. முதலில் சட்டை, பேண்ட். ரெடிமேட் வந்து அதை விழுங்கியபிறகு ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவரில் ஜாக்கெட் கழுத்து மாடல்கள், எதிர்ச் சுவரில் இரண்டு பாதங்களின் படம். பாதத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் கட்டி, இது கல்லீரல், இது மூளை, இது சிறுநீரகம் என்று எழுதியிருக்கும். புதிதாக வருகிற சிலர் செருப்பும் தைப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் கழுத்து வலி. குனிந்தே தைக்கிறவனுக்குக் கழுத்தும் தோளும் சேர்ந்து ஒரே பலகையாகிவிடும். 2017-ல் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் அக்குபிரஷர் பயிற்சி என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் நாள் காலையில் கை, கால், முதுகுப் புள்ளிகள். மதியம் முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பாயசம். சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்புக்கு 'எங்கே, எப்போது அமுக்கக் கூடாது' என்று தலைப்பு. என் நோட்டில் அந்தப் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே பேனா வழுக்கிப் போன ஒரு கோடு.

தூங்காமல் கேட்டவற்றையும் நான் ஒழுங்காகக் கேட்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. ஊசி குத்துகிற அக்குபஞ்சர் நம் நாட்டுக்கு வந்த கதையையும் வகுப்பில் சொன்னார்கள். 1938-ல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் கோட்னிஸ் அங்கேயே இறந்துபோனார். அவரோடு போன பி.கே. பாசு பிற்பாடு மறுபடி சீனாவுக்குப் போய் அக்குபஞ்சர் படித்து, 1959-ல் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். இது சரியாக நினைவிருந்தது. அடுத்ததுதான் கோளாறு. 1971 ஜூலையில் பீக்கிங் போயிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் வீங்கி அங்கேயே ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்தே இல்லாமல், ஊசி குத்தியே அவர் வயிற்றைக் கிழித்தார்கள் என்று நான் என் கடையில் ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். உண்மையில் ரெஸ்டனுக்கு வழக்கமான மரப்பு ஊசி போட்டுத்தான் அறுத்தார்கள். அதற்குப் பிறகு வயிறு உப்பிக்கொண்டு வந்த அவஸ்தைக்குத்தான் அக்குபஞ்சர். ஐம்பது பேரையும் தேடிப் பிடித்துத் திருத்திச் சொல்ல வழியில்லை. பாதிப் பேர் இப்போது துபாயிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்.

சுவரில் இருக்கிற பாதப் படமும் அப்படித்தான். 'ஐயாயிரம் வருஷத்துச் சீனக் கலை' என்று விரலை நீட்டிச் சொல்லுவேன். அந்தப் பாத வரைபடம் சீனாவிலிருந்து வந்ததல்ல. யூனிஸ் இங்காம் என்ற அமெரிக்கப் பெண்மணி 1930-களில் போட்டுக் கொடுத்த கணக்கு அது. புள்ளி அமுக்குவது வேறு, பாதத்தை அமுக்குவது வேறு. இரண்டையும் ஒரே துணி என்று வெட்டி ஒட்டித் தைத்துவைத்திருந்தேன்.

ஆனாலும் எனக்குப் பெயர் வந்தது. கொடுத்தது கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அந்தப் புயல் வந்துபோனபிறகு எங்கள் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற தென்னையை எண்ணிவிடலாம். அலையாத்திக் காடே அடிபட்டுக் கிடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, தையல் மோட்டார் ஓடவில்லை, ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற மனநிலையில் எந்தப் பெண்ணும் இல்லை. விழுந்த மரத்தை அறுத்து, இழுத்து, கூரையைத் தூக்கி நிறுத்தி இடுப்பு விட்டுப்போனவர்கள் கடை வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். நான் அமுக்கிவிட்டேன். "அண்ணே, கையில என்னமோ இருக்கு உங்களுக்கு" என்றார்கள். அவ்வளவு ஓய்ந்துபோனவர்களை யார் பத்து நிமிஷம் உட்காரவைத்துத் தோளைத் தொட்டிருந்தாலும் சுகமாகத்தான் இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. காசு வாங்கவில்லை. அதற்குப் பதில் மரியாதையை வாங்கிக்கொண்டேன். அது காசைவிடக் கெடுதல்.

அந்தச் சமயத்தில்தான் மாமியாரின் மூட்டுவலி என் கைக்கு வந்தது. முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல் நகர்ந்தால் ஒரு புள்ளி. நாலு விரலை வைத்து அளந்தேன், அமுக்கினேன். அத்தை 'யம்மா' என்று ஒரு சத்தம் போட்டார்கள். வலித்தால் சரியான இடம் என்று அர்த்தம், என்றேன். மறுநாள் அந்த இடம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. "இப்ப தேவல மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஏழெட்டு மாசம் கழித்து நோட்டைப் புரட்டும்போது கண்ணில் பட்டது: அளவு எப்போதும் நோயாளியின் விரலால். அமுக்குகிறவன் விரலால் அல்ல. சீனர்கள் அதற்கு 'சுன்' என்கிறார்கள். அவரவர் கட்டைவிரல் அகலம்தான் அவரவர் உடம்புக்கு ஒரு சுன். அத்தை நாலே முக்கால் அடி. நான் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. நான் அமுக்கியது புள்ளியைத் தாண்டி வெகு தூரத்தில், வெறும் கெண்டைக்கால் ஓரத்தில். ஒருத்தர் அளவில் இன்னொருத்தருக்கு ஜாக்கெட் தைத்தால் என்ன ஆகும் என்று 26 வருஷமாகத் தெரிந்த ஆள் நான். இதை அத்தையிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சரி, அந்த மே மாத ராத்திரிக்கு, என் சிறுநீரகக் கல்லுக்கு வருவோம்.

எங்கள் கடை வரிசையில் கழிப்பறை கிடையாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கவேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு நான் பகலில் தண்ணீரே குடிக்காமல் பழகியிருந்தேன். நாலு டீ, அவ்வளவுதான். சித்திரை வெயிலில், அயர்ன் பாக்ஸ் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே. வருகிறவர்களிடம் மட்டும் "தண்ணி நல்லா குடிங்க, கிட்னிக்கு நல்லது" என்று பாதப் படத்தைக் காட்டிச் சொல்லுவேன்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு இடுப்பின் இடது பக்கத்தில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி ஆரம்பித்தது. வாயு என்று முடிவுகட்டி ஓமத் தண்ணீர் குடித்தேன். ஒன்றரைக்கு முழங்கை கத்தரியாக மாறி, முதுகிலிருந்து அடிவயிற்றுக்கு ஓரம் வெட்டிக்கொண்டு இறங்கியது. மல்லாந்தேன், குப்புறப் படுத்தேன், சுருண்டேன், எழுந்து நின்றேன், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பாதி தொங்கினேன். எந்த நிலையிலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. வயிற்றுக்குள் சீழ் கோத்தவன் அசையாமல் கிடப்பான், கல் வந்தவன் ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்கள். அதன்படி பார்த்தால் எங்கள் கூடத்தில் அன்றைக்கு நோயைக் கண்டுபிடித்திருக்க டாக்டரே தேவையில்லை.

கல் என்று எனக்கே உறைத்தபோது, நம்ப மாட்டீர்கள், உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. இதுவரை கழுத்து வலி, தலைவலி, மூட்டுவலி. இப்போது பெரிய கேஸ். அதுவும் சொந்த உடம்பில்.

சிறுநீரகப் பாதையின் முக்கியப் புள்ளி கணுக்காலில் இருக்கிறது: எலும்பு முடிச்சுக்கும் குதிநரம்புக்கும் நடுவில் உள்ள குழி. அதைத்தான் இரண்டே கால் மணிக்கு அமுக்கிக்கொண்டிருந்தேன். அது கணுக்காலின் உட்பக்கத்தில் இருக்கவேண்டும். நான் பிடித்திருந்தது வெளிப்பக்கம். வெளிப்பக்கக் குழியும் ஒரு புள்ளிதான், ஆனால் சிறுநீர்ப்பைப் பாதையில் உள்ளது. அதாவது கல் புறப்படுகிற ஊரை விட்டுவிட்டு, போய்ச் சேருகிற ஊரில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து உள்ளங்கால். அடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை. இது எல்லா வலிக்கும் அமுக்குகிற புள்ளி. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அமுக்கக் கூடாது என்பார்கள். நான் நகம் வெட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. பிறை பிறையாகத் தடம் விழுந்தது. வலி இடுப்பில் அப்படியே இருக்க, புதிதாகக் கையிலும் ஒன்று சேர்ந்தது.

முதுகெலும்பின் இரண்டு பக்கமும், இடுப்பு மட்டத்துக்குச் சற்று மேலே, முதுகுப் புள்ளிகள். அங்கே என் கை எனக்கு எட்டாது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் அமுக்கினாள். நான் கத்தினேன்.

"ஏன் கத்துறீங்க? மத்தவங்க கத்துனா எடம் சரியா புடிச்சிருக்குன்னு சொல்வீங்கள்ல?"

இதற்குப் பதில் சொல்கிற நிலையில் நான் இல்லை. இன்னும் அழுத்தம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் உள்ளே போய் என் அங்குஸ்தானை மாட்டிக்கொண்டு வந்தாள். தையல்காரர்கள் ஊசி குத்தாமல் இருக்க விரலில் போடுகிற இரும்புத் தொப்பி. அதை மாட்டிக்கொண்டு ஒரு ஊன்று ஊன்றினாள் பாருங்கள், 20 வருஷக் குடித்தனத்தின் பாக்கி எல்லாம் அதில் இருந்தது. முதுகில் புள்ளி புள்ளியாக வட்டத் தடம் நாலு நாள் மறையவில்லை. பிறகு மகனுடைய ரப்பர் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்து உருட்டினேன். அது நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே அங்கே படுத்துக்கொண்டேன்.

அப்போது நடந்தது அந்த அதிசயம். மூன்று மணி வாக்கில் வலி இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக, வெள்ளம் வடிகிற மாதிரி. பத்து நிமிஷத்தில் நான் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டேன்.

கல் வலி அலை அலையாகத்தான் வரும். மூத்திரக் குழாய் இறுகும், தளரும், மறுபடி இறுகும். ஏறின அலை இறங்கத்தான் செய்யும். நீங்கள் காலை அமுக்கினாலும் இறங்கும், காபிப்பொடி டப்பாவை அமுக்கினாலும் இறங்கும். கடலோரத்துக்காரனுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். எங்கள் ஊர்க் காட்டு மரத்துக்குப் பெயரே அலையாத்தி. அலையை ஆற்றுகிற மரம். நானும் ஒரு அலையாத்தி என்று அந்தப் பத்து நிமிஷத்தில் முழுமனதாக நம்பினேன்.

நம்பினதோடு விட்டிருக்கலாம். தஞ்சாவூர் வகுப்பில் படித்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பேசிப் பதிவு போட்டேன்: "வணக்கம். சிறுநீரகக் கல் வலி, கடுமையானது, நாற்பதே நிமிடத்தில் புள்ளி மூலம் முழுக் கட்டுப்பாடு. விவரம் காலையில்." குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, டாக்டர் மாதிரி. அந்த நேரத்திலும் விழித்திருந்த இரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்பினார்கள்.

மூன்று நாற்பதுக்கு இரண்டாவது அலை வந்தது. முதல் அலை பயிற்சிக்கு வந்தது போலிருந்தது. வாந்தியும் சேர்ந்துகொண்டது. வாளிக்கு முன்னால் குந்தியிருந்த நிலையிலும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பதிவுதான். அழிக்கப் போனேன். 'எல்லோருக்கும் அழி', 'எனக்கு மட்டும் அழி' என்று இரண்டு கேட்டது. கை நடுக்கத்தில் இரண்டாவதை அமுக்கிவிட்டேன். நான் அன்றைக்கு அமுக்கியதில் உடனே வேலை செய்த புள்ளி அது ஒன்றுதான். பதிவு என் கண்ணில் இருந்து மட்டும் மறைந்தது. குழுவில் இன்றைக்கும் இருக்கிறது. யாருக்காவது கல் வலி என்றால் அதை மறுபடி மறுபடி அனுப்பிக்கொள்கிறார்கள்.

ஐந்து மணிக்குமேல் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். எதிர்வீட்டு அம்மா வாழைத்தண்டை இடித்துச் சாறெடுத்து ஒரு சொம்பு கொண்டுவந்தார். குடித்ததெல்லாம் வாளிக்குப் போனது. ஆட்டோக்காரத் தம்பி, யாரும் கூப்பிடாமலே சத்தம் கேட்டு வந்தவன், காதோடு வந்து, "அண்ணே, ஒரு பீரு அடிச்சா அடிச்சுக்கிட்டு வந்துரும்ணே" என்றான். என் மனைவி அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஆட்டோவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். தொழுகை முடித்து வந்த பட்டன் கடை பாய், கதவோரம் நின்று மெல்லச் சொன்னார்: "செத்த நேரத்துல விடிஞ்சிரும். ஆஸ்பத்திரிக்கும் போங்க, ஜாம்புவானோடைக்கும் ஒரு நேர்ச்ச வச்சுக்கங்க." ஜாம்புவானோடை தர்காவில் அடங்கியிருப்பவர் ஹக்கீம் ஷேக் தாவூது. ஹக்கீம் என்றாலே வைத்தியர். எங்கள் பக்கத்தில் மதம் பார்க்காமல் 'டாக்டர்' என்றே சொல்லுவார்கள். தீராத நோய்க்காரர்கள் வெளியூரிலிருந்தெல்லாம் வந்து நாள் கணக்கில் தங்குவார்கள். அவரை நம்புகிற பாய் கூட ஆஸ்பத்திரியை முதலில் சொன்னார் என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றேன்.

பெரியப்பா மகன் போனில் ரணகள்ளி இலை என்றான். இன்னொருவர் சித்த மருந்தில் நண்டுக்கல் பற்பம் இருக்கிறது என்றார். உடனே ஒரு பையன், நம்ம லகூனில் இல்லாத நண்டா, பிடித்துவரவா என்று கேட்டான். அந்த நண்டுக்கல் என்பது பூமியில் புதைந்து கல்லாகிப்போன நண்டு. முத்துப்பேட்டைச் சந்தையில் கிலோ கணக்கில் கிடைக்கிற சமாசாரம் அல்ல. இதை விளக்கவேண்டும் என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. வாளி விடவில்லை.

ஆறே காலுக்கு என் மனைவி யாரையும் கேட்கவில்லை. என் சட்டையை எடுத்து என் தலை வழியாக மாட்டினாள். உள்வெளியாக மாட்டியிருந்தாள். தையல்காரன் பிசிறு தெரியச் சட்டை போட்டுக்கொண்டு பட்டுக்கோட்டை போனேன். தம்பிக்கோட்டை தாண்டுவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையையும் என் இடுப்பு தனித்தனியாக எண்ணியது. அப்போதும் வலது கட்டைவிரல் இடது கையை விடவில்லை.

பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுக்குமேல் நாலைந்து இருக்கும். காய்ச்சல் இருந்ததா, குளிர் நடுக்கம் வந்ததா, ஒண்ணுக்குப் போச்சா, சர்க்கரை உண்டா, வயிற்றுப்புண் உண்டா, ஒரு மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேள்விகளை அடுக்கினார். கல் அடைத்த இடத்துக்கு மேலே கிருமி சேர்ந்துவிட்டால் அது வலி விவகாரமாக இருக்காதாம், உயிர் விவகாரமாம். காய்ச்சலோடு வலி வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதாம். நான் நாலு மணி நேரம் இருந்தேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். "ஏன்?" என்றார் டாக்டரம்மா. யாரும் பதில் சொல்லவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். "இது என்ன, பூனை பிராண்டிருச்சா?"

"ஆமாங்க" என்றேன்.

டைக்ளோஃபெனாக் என்று ஒரு ஊசி. இடுப்பில் சிஸ்டர் போட்டுவிட்டுப் போனார். இருபது நிமிஷத்தில் வலி தளர ஆரம்பித்தது, அரை மணியில் தூக்கம் கண்ணைச் சுற்றியது. ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டாகவேண்டும்: அந்த இருபது நிமிஷமும் போர்வைக்குள் நான் புள்ளியை அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன். வலி நின்றால் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று.

ஸ்கேனில் கல் தெரிந்தது. ஐந்து மில்லிமீட்டர், இடது பக்கம், சிறுநீர்ப்பை வாசலுக்கு மிக அருகில். சட்டைப் பட்டனில் பாதி இருக்கும், அவ்வளவுதான். இவ்வளவு சின்னதா என்று எனக்கு ஒரு ஏமாற்றம். டாக்டரம்மா என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வருகிற குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், உள் அகலம் மூன்று நாலு மில்லிமீட்டர். "பாவாடைக்கு நாடா கோக்குறீங்க. நாடாவுல ஒரு முடிச்சு விழுந்து பட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. நீங்க இழுக்க இழுக்கப் பட்டி சுருங்கும்ல? அதான்." வலிக்கிறது கல் குத்துவதால் இல்லையாம். மூத்திரம் தேங்கி மேலே சிறுநீரகம் உப்புகிறது. அந்த அழுத்தத்தில் உடம்பு சுரக்கிற சில இரசாயனங்கள் குழாயை இன்னும் இறுக்குகின்றன, வலியைக் கூட்டுகின்றன. ஊசி அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. நான் குழாயின் பக்கமே போகாமல் கணுக்காலில் நின்றேன்.

ஐந்து மில்லிமீட்டரைத் தொடாத கல்லில் மூன்றில் இரண்டு தானாகவே வெளியே வந்துவிடும் என்றார். எனக்கு அது எல்லைக்கோட்டில். வரவில்லை என்றால் வெளியிலிருந்து அதிர்வலை விட்டு உடைக்கலாம். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் ஆளுக்குச் செய்தார்கள். அந்த யந்திரம் செய்த டார்னியர் கம்பெனி விமானம் கட்டுகிற கம்பெனி. அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் வழிமாறி மூத்திரக் கல்லுக்கு வந்து சேர்ந்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. வழி மாறிப் போகிறவன் நான் மட்டும் இல்லை.

மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். மறுநாள் வந்தாள். அவளிடமும் ஒரு பிடி பிடித்தேன்: "இந்தப் புள்ளி வைத்தியமெல்லாம் ஆராய்ச்சி பண்ணியிருக்கான் தெரியுமா?" அவள் சண்டைக்கு வரவில்லை. போனை எடுத்துத் தேடி, "பண்ணியிருக்காங்கப்பா" என்றாள். 2022-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. பீஜிங்கில், கல் வலியோடு வந்த 80 பேர். நாற்பது பேருக்கு முறையான அக்குபஞ்சர், நாற்பது பேருக்குப் பாவனையாக ஊசி. பத்தாவது நிமிஷத்தில் முதல் கூட்டத்தில் 31 பேருக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டாவதில் 4 பேருக்கு.

"பாத்தியா!" கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததில் இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது.

"முழுசா கேளுங்க. எண்பது பேருக்குமே டைக்ளோஃபெனாக் போட்டிருக்காங்க. நீங்க போட்டுக்கிட்ட அதே மருந்து. அதுக்கு மேலதான் இது. அப்பறம், அவங்க குத்துனது ஊசி. பயிற்சி எடுத்தவங்க குத்துனது. கட்டைவிரல் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களுக்குத்தான், வரமாட்டேன்னு வீட்ல உக்காந்திருந்தவங்களுக்கு இல்ல." நிறுத்திவிட்டு, "நாடியைக் காட்டுங்க" என்று என் கையைப் பிடித்தாள். பூனை பிராண்டியதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமிருந்து கதை ஏற்கெனவே போயிருக்கும்.

தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், ஒரு மாத்திரை, பத்து நாள் கழித்து மறுபடி ஸ்கேன். ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் வடிகட்டியில் பிடித்துப் பார்த்து, கல் வந்தால் எடுத்துக்கொண்டு வரவேண்டும்; எந்த வகைக் கல் என்று பார்த்தால் அடுத்தது வராமல் தடுக்க யோசனை சொல்லலாமாம். நான் வடிகட்டிக்குச் சமையலறைக்குப் போனேன். அன்றைக்குச் சாயந்தரம் மனைவி டீ வடிகட்ட வடிகட்டியைத் தேடியபோது வீட்டில் ஏற்பட்ட நிலவரத்தை எழுத எனக்குத் தெம்பு இல்லை. புது டீ வடிகட்டி ஒன்று வாங்கினோம். பழையதற்கு அடையாளமாகக் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றி வைத்தேன். கடைக்கும் அதை ஒரு ஜாக்கெட் பையில் போட்டு எடுத்துப்போவேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் காவலாளி முதல் இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரே, "வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

பத்து நாள் ஒரு சொட்டு விடாமல் வடித்தேன். பதினோராவது நாள் திருவாரூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பட்டுவேட்டி கட்டிக்கொண்டு போகிற இடத்துக்கு வடிகட்டி எதற்கு என்று வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மண்டபத்தில் பந்தி முடிந்து கழிப்பறைக்குப் போனபோது ஒரு சுருக், பீங்கானில் 'டிக்' என்று ஒரு சத்தம். நான் குனிந்து பார்ப்பதற்குள் பின்னால் நின்றிருந்த பெரியவர் அவசரத்தில் பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டார். இங்கிலாந்தில் சாமுவேல் பீப்ஸ் என்று ஒரு மனிதர். 1658 மார்ச் 26-ம் தேதி மயக்க மருந்தில்லாத காலத்தில் மூத்திரக் கல்லை அறுத்து எடுத்துக்கொண்டு, அந்தக் கல்லுக்கென்று ஒரு பெட்டி செய்து வைத்து, வருஷாவருஷம் அந்தத் தேதியில் நண்பர்களுக்கு விருந்து வைத்தாராம். என்னுடையது திருவாரூர்ச் சாக்கடையில் போனது. டாக்டரம்மா அடுத்த ஸ்கேனைப் பார்த்து "கல் இல்ல, எங்க?" என்று கையை நீட்டியபோது, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் போன நாள் ஞாபகம் வந்தது.

பாதப் படத்தைக் கழற்றிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கழற்றவில்லை. அதற்குப் பின்னால் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது.

போன ஆடியில் மாமியார் வந்திருந்தார்கள். சாயந்தரம் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, புடவையைக் கொஞ்சம் உயர்த்திக் காலை நீட்டினார்கள். "மாப்பிள்ளை, அந்த முட்டிக்குக் கீழ அமுக்குவீங்களே, அத செத்த அமுக்கிவிடுங்களேன்."

இதெல்லாம் விட்டாச்சு அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. இந்தத் தடவையாவது முறையாகச் செய்வோம் என்று அவர்கள் கையையே எடுத்து, அவர்களுடைய நாலு விரலையே முழங்காலுக்குக் கீழே வைத்து அளந்தேன். சாக்கால் ஒரு புள்ளி போட்டேன், ஜாக்கெட்டுக்குப் போடுகிற மாதிரி. நகம் வெட்டியிருந்தது. பதமாக, பஞ்சை அமுக்குவது போல, இரண்டு நிமிஷம் அமுக்கினேன்.

"எப்படி இருக்கு அத்தை?"

அத்தை கொஞ்சம் யோசித்தார்கள்.

"அமுக்குனாப்பலயே இல்லியே. போன தடவ கீழ தள்ளி ஒரு எடத்துல புடிச்சீங்க பாருங்க, அதுதான் எடம். ரெண்டு வருஷம் தாக்குப் புடிச்சுது. அங்க அமுக்குங்க."

நான் விரலைக் கீழே இறக்கினேன்.